நோய்க்குப் பெயர் வருமுன்

மருத்துவரல்லாத ஒருவர் மருத்துவரின் வேலையில் எவ்வளவைச் செய்யலாம் என்ற கேள்வி, கடந்த அறுபது ஆண்டுகளாகப் பல நாடுகளின் சட்டமன்றங்களிலும் மருத்துவச் சங்கங்களிலும் ஓயாமல் விவாதிக்கப்பட்டு வருகிறது. அந்த விவாதத்தின் நடுவில் நிற்பவர்கள் இரு பிரிவினர். செவிலியராகப் படித்துப் பதிவு பெற்று, அதன்மேல் முதுநிலைப் பயிற்சியும் முடித்து, நோயாளியைப் பரிசோதிக்கவும் நோயைக் கண்டறியவும் மருந்து எழுதவும் உரிமை பெற்றவர் நர்ஸ் பிராக்டிஷனர். செவிலியக் கல்வியின் வழியே வராமல், மருத்துவக் கல்லூரிப் பாடத்தின் சுருங்கிய வடிவத்தைப் பயின்று, ஒரு மருத்துவர் ஒப்படைக்கும் அதிகாரத்தின் கீழ் அதே பணிகளைச் செய்பவர் பிசிஷியன் அசிஸ்டெண்ட். இரு பிரிவுகளும் அமெரிக்காவில் 1965 என்ற ஒரே ஆண்டில் பிறந்தவை. இன்று அந்நாட்டில் முன்னவர்கள் 3 லட்சத்துக்கும் மேல், பின்னவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். விவாதம் பெரும்பாலும் பட்டங்களையும் பயிற்சி ஆண்டுகளையும் ஒப்பிடுவதோடு நின்றுவிடுகிறது. இவர்கள் நாள்தோறும் செய்யும் வேலையைக் கூர்ந்து பார்த்தால் கோடு வேறோர் இடத்தில் விழுவது தெரியும்: என்ன நோய் என்று முன்பே தெரிந்த நோயாளிக்கும், என்ன நோய் என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாத நோயாளிக்கும் இடையில்.

இந்தக் கோட்டை 1965க்கு முன்பே உணர்ந்து நடந்தவர்கள் உண்டு. மேரி பிரெக்கின்ரிட்ஜ் 1925இல் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில் தொடங்கிய ஃபிரான்டியர் நர்சிங் சர்வீஸ் என்ற அமைப்பில், மகப்பேற்றுப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் குதிரையேறி ஓடைகளைக் கடந்து வீடு வீடாகச் சென்று பிரசவம் பார்த்தார்கள். அவர்கள் கையில் இருந்த அதிகாரம், லெக்சிங்டன் நகர மருத்துவர்களின் ஆலோசனைக் குழு எழுதித் தந்த வழிமுறைத் தொகுப்பு ஒன்றிலிருந்து வந்தது. எந்த அறிகுறிக்கு எந்த மருந்து, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், எப்போது மருத்துவருக்கு ஆள் அனுப்பியே ஆகவேண்டும் என்பன அதில் இருந்தன. நிலையாணைகள் என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்ட இத்தகைய எழுத்துகள், தெரிந்த நிலைமைகளுக்கு மருத்துவரின் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவைப்பவை. எழுதிவைக்க முடியாத நிலைமை வந்தால் நின்று உதவி கேட்கவேண்டும் என்பதையும் அவையே எழுதிவைத்தன. நிறுத்தும் இடத்தை அறிவதும் மருத்துவத் திறமைதான் என்பதை அந்த மலைநாட்டுச் செவிலியர்கள் பட்டமின்றியே நடைமுறையில் கற்றிருந்தார்கள்.

பிசிஷியன் அசிஸ்டெண்ட் என்ற பணி பிறந்த கதையில், பொதுவாக ஓரிரு வரிகளில் கடந்துபோகப்படும் ஒரு பகுதி இருக்கிறது. வட கரோலைனாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த யூஜின் ஸ்டெட் முதலில் நாடியது செவிலியர்களையே. 1950களின் பிற்பகுதியில் அங்கே செவிலிய ஆசிரியராக இருந்த தெல்மா இங்கிள்ஸ், ஸ்டெட்டின் பயிற்சி மருத்துவர்களோடு சேர்ந்து வார்டு வார்டாகச் சுற்றி, அவர்கள் கேட்கும் கேள்விகளையும் அவர்கள் சிந்திக்கும் முறையையும் நேரில் கற்றார். பின்பு இருவரும் சேர்ந்து, தேர்ந்த செவிலியர்களை நோய் அறியும் திறனில் மேலும் உயர்த்தும் முதுநிலைப் பாடத்திட்டம் ஒன்றை உருவாக்கினார்கள். செவிலியக் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் அமெரிக்க அமைப்பு அதற்கு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. மருத்துவர்கள் செவிலியர்களுக்குப் பாடம் நடத்துவதையும், மருத்துவரின் வேலைகள் செவிலியத்துக்குள் வருவதையும் அது ஏற்கவில்லை. ஸ்டெட் அதன்பின் கடற்படைப் பணியை முடித்து வந்த மருத்துவ உதவியாளர்களிடம் திரும்பினார். மருத்துவர் இல்லாத கப்பல்களிலும் போர்முனையிலும் காயம் கட்டியும் ஊசி போட்டும் காய்ச்சலைக் கணித்தும் பழகியவர்கள் அவர்கள்; படையை விட்டு வெளியே வந்ததும் அந்த அனுபவத்துக்கு எந்த மதிப்பும் கிடைக்காமல் போனவர்கள். அதே மாநிலத்தின் கார்லண்ட் என்ற சிற்றூரில் ஏமஸ் ஜான்சன் என்ற குடும்ப மருத்துவர், ஹென்றி ட்ரெட்வெல் என்ற உதவியாளரைத் தாமே பயிற்றுவித்து, தாம் வெளியூர் செல்லும் நாட்களிலும் நோயாளிகளைக் கவனிக்கச் செய்த முன்மாதிரி ஸ்டெட்டின் கண்முன் இருந்தது. 1965இல் டியூக்கில் நான்கு முன்னாள் கடற்படையினர் சேர்ந்தனர். 1967இல் மூவர் தேறி வெளிவந்தனர்.

செவிலியத் தலைமையின் அந்த மறுப்பைக் குறுகிய பார்வை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. நோயாளியைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, வலியைக் கேட்டறிவது, குடும்பத்துக்குக் கற்பிப்பது என்று தனக்கென ஓர் அறிவையும் ஒழுங்கையும் நூறாண்டுக் காலம் போராடிக் கட்டியெழுப்பிய தொழில், மருத்துவர்கள் தங்களுக்கு நேரமில்லை என்று இறக்கிவைக்கும் சுமைகளைத் தாங்கும் தொழிலாகச் சுருங்கிவிடுமோ என்று அஞ்சியதில் பொருள் இருந்தது. ஆனாலும் அதன் விளைவு கசப்பானது. இங்கிள்ஸின் மாணவிகளாக இருந்திருக்கவேண்டிய பெண்களின் இடத்தில், ஆண்களை மட்டுமே கொண்ட ஒரு புதிய தொழில் தொடங்கியது. இன்று அத்தொழிலில் பெண்களே பெரும்பான்மை என்பதைப் பார்க்கும்போது, காலம் சுற்றி வந்த அந்த நீண்ட வழி தவிர்த்திருக்கக்கூடியதே என்று எண்ணத் தோன்றுகிறது.

அதே 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில், பொதுச் சுகாதாரச் செவிலியராகக் கிராமப்புறங்களில் பணியாற்றிய லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். தமது செவிலியர்களைக் குறைந்த விலை மருத்துவர்களாக ஆக்குவது ஃபோர்டின் நோக்கமாக இருக்கவில்லை. ஆரோக்கியமான குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணிப்பது, தடுப்பூசி, தாய்க்கு அறிவுரை, சிறு நோய்களுக்குச் சிகிச்சை ஆகியவற்றைக் கிராமப்புறச் செவிலியர்கள் முன்பே பாதிக்குமேல் செய்துகொண்டிருந்தார்கள் என்பதும், அதற்குரிய பயிற்சியையும் உரிமையையும் அவர்களுக்குத் தரவேண்டும் என்பதுமே அவரது வாதம். அவருக்கும் கடும் எதிர்ப்பு செவிலியக் கல்வியாளர்களிடமிருந்தே வந்தது. 2025 ஜனவரியில் 104ஆம் வயதில் அவர் மறைந்தபோது, அந்த எதிர்ப்பின் சுவடே இல்லாத அளவுக்கு அவருடைய கருத்து செவிலியத்தின் உள்ளேயே வேரூன்றிவிட்டிருந்தது.

இந்த இரு பிறப்புகளின் வேறுபாடு சட்டத்தில் அப்படியே பதிந்தது. நர்ஸ் பிராக்டிஷனர் தம் செவிலியப் பதிவின் மேல் நின்று தம் பெயரில் உரிமம் கோருகிறார். அமெரிக்க மாநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இன்று அவருக்கு மருத்துவரின் ஒப்புதல் ஒப்பந்தம் இல்லாமலே தனித்து இயங்கும் உரிமை அளித்திருக்கின்றன. பிசிஷியன் அசிஸ்டெண்டின் அதிகாரம் மருத்துவரோடு கொண்ட உறவிலிருந்து வருவது. அந்தக் கட்டு சில மாநிலங்களில் தளர்ந்து வந்தாலும், தொழிலின் தன்மை இன்றும் அதுவே. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 1997இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, நர்ஸ் பிராக்டிஷனர் தம் பெயரில் கணக்கு அனுப்பினால் மருத்துவருக்குத் தரும் கட்டணத்தில் 85 சதவீதத்தைத் தருகிறது. அதே வேலையை மருத்துவரின் மேற்பார்வையில் செய்ததாக அந்த மருத்துவரின் பெயரில் கணக்கு அனுப்பினால் முழுத்தொகை கிடைக்கிறது. ஒரே கை, ஒரே பரிசோதனை, ஒரே மருந்துச்சீட்டு. கையொப்பத்தைப் பொறுத்து விலை மாறுகிறது. இதனால் பல மருத்துவமனைகளின் பதிவேடுகளில் இவர்களுடைய வேலை மருத்துவர்களின் பெயருக்குள் மறைந்துபோயிற்று. யார் எதைச் செய்தார் என்று பின்னால் ஆராய வருபவருக்கும், தவறு நேர்ந்தபின் பொறுப்பைத் தேடி வரும் குடும்பத்துக்கும் அந்தப் பதிவேடு உண்மையைச் சொல்லாது.

இவர்களுடைய திறனைச் சோதித்த ஆய்வுகள் ஏராளம். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் பர்லிங்டன் நகரில், இரண்டு குடும்ப மருத்துவர்கள் நடத்திய மருத்துவமனையில் 1971-72இல் ஓராண்டு நடந்து 1974இல் வெளியான ஆய்வு அவற்றில் முதன்மையானது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியை மருத்துவரிடமும் மற்றொரு பகுதியை நர்ஸ் பிராக்டிஷனரிடமும் அனுப்பியதில், இறப்பிலும் உடல் இயக்கத்திலும் மனநிலையிலும் வேறுபாடு தென்படவில்லை. செவிலியர்கள் தம்மிடம் வந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கை மருத்துவரைக் கேட்காமலே முடித்தார்கள். மருத்துவமனையின் வருமானமோ குறைந்தது, ஏனெனில் செவிலியர் தனியே செய்த பணிக்கு அரசுக் காப்பீடு பணம் தரவில்லை. 2000ஆம் ஆண்டில் மேரி முண்டிங்கரும் அவர் குழுவினரும் நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்விலும், ஆறு மாதத்துக்குப்பின் ஆஸ்துமா, நீரிழிவு, ரத்த அழுத்தம் ஆகியவற்றில் இரு தரப்பு நோயாளிகளும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். 18 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2018ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, முதல்நிலை மருத்துவத்தில் செவிலியர் தரும் சிகிச்சை மருத்துவர் தருவதற்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்கக்கூடும் என்றும், செவிலியர்கள் நோயாளியோடு கூடுதல் நேரம் செலவிடுகிறார்கள் என்றும் கூறியது. இந்த ஆய்வுகள் எதை அளந்தன என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். அவை பெரும்பாலும் பெயர் தெரிந்த நோய்களின் போக்கையே அளந்தன. நூற்றில் ஒருவருக்கு வரும் அரிய நோய் தவறவிடப்பட்டதா என்பதை ஆறு மாதமும் ஓராண்டும் காட்டிவிடாது.

பெயர் தெரிந்த நோயில் இவர்கள் செய்வது என்ன என்பதை நீரிழிவு நோயாளி ஒருவரின் பாதத்தில் காணலாம். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட ஒரு நைலான் இழையை நர்ஸ் பிராக்டிஷனர் நோயாளியின் பெருவிரல் நுனியிலும் உள்ளங்காலின் மேடுகளிலும் செங்குத்தாக வைத்து, அது வளையும்வரை அழுத்துகிறார். கண்ணை மூடியிருக்கும் நோயாளி தொடுகையை உணர்ந்தபோது சொல்லவேண்டும். காய்ப்பு ஏறிய இடத்தில் வைத்தால் ஆரோக்கியமான காலும் உணராது என்பதால் அந்த இடத்தைத் தவிர்க்கிறார். அழுத்தியும் பதில் வராத இடம், செருப்புக்குள் கல் கிடந்தாலும் நோயாளிக்குத் தெரியாத இடம். இதன்பின்தான் வேலை தொடங்குகிறது: காலணியைக் கழற்றி உள்ளே கைவிட்டுப் பார்ப்பது, விரலிடுக்கின் ஈரத்தைத் துடைத்துக் காட்டுவது, நகம் வெட்டும் முறையைச் சொல்வது, இன்சுலின் விலை கட்டாமல் நாளுக்குப் பாதி அளவே போட்டுக்கொள்கிறாரா என்று குற்றம்சாட்டும் தொனியின்றிக் கேட்பது. நோயாளி தம் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தால், ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் இரண்டு மருத்துவர்களால் எழுதப்பட்டிருப்பது அந்தப் பையைக் கொட்டிப் பார்க்கும் ஒருவருக்கே தெரியவரும். காலைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பகுதி இவ்வளவுதான். இதற்கு வேண்டியவை நேரமும் விடாமல் கேட்கும் பழக்கமும். செவிலியத்திலிருந்து வந்தவர்கள் இவற்றில் சிறந்து விளங்குவதில் வியப்பில்லை.

அவசரப் பிரிவின் கதவருகே நிலைமை வேறு. நெஞ்சை அடைக்கிறது என்று வருபவருக்கு மாரடைப்பாகவும் இருக்கலாம், நுரையீரலில் ரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம், பெருந்தமனியின் சுவர் கிழிந்ததாகவும் இருக்கலாம், வயிற்றுப் புளிப்பாகவும் இருக்கலாம். ஒன்றுக்குத் தரும் மருந்து மற்றொன்றில் உயிரைப் போக்கும். அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளை ஆராய்ந்து டேவிட் சானும் இச்சுன் சென்னும் 2022இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவரின் மேற்பார்வையின்றி நர்ஸ் பிராக்டிஷனர் பார்த்த நோயாளிகள் கூடுதல் நேரம் அங்கே தங்கினார்கள் என்றும், தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவமனைச் சேர்க்கைகள் அவர்களிடையே ஏறத்தாழ 20 சதவீதம் அதிகமாக இருந்தன என்றும் கண்டது. நோய் சிக்கலாகும் அளவுக்கு இடைவெளி அகன்றது. அதே ஆய்வின் மற்றொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படவில்லை: ஒவ்வொரு தொழிலுக்குள்ளும் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாடு, இரு தொழில்களுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டைவிடப் பெரியது. சிறந்த நர்ஸ் பிராக்டிஷனர் சராசரி மருத்துவரை விஞ்சுவது அரிதாக நிகழ்வதன்று. எனவே இங்கே கணக்கில் வருவது பட்டம் மட்டுமன்று. அறியாத நோயின் முன் எத்தனை முறை நின்றிருக்கிறார், அப்போது அருகில் யார் இருந்தார், தம் முதல் எண்ணம் தவறு என்று எத்தனை முறை உடனிருந்தவர் காட்டிக்கொடுத்திருக்கிறார் என்பனவும் கணக்கில் வரும்.

பிசிஷியன் அசிஸ்டெண்டின் பணி உச்சத்தில் விளங்கும் இடம் இதற்கு நேர்மாறான சூழல். இதயப் புறவழி அறுவையில், தலைமை அறுவை மருத்துவர் மார்பெலும்பைத் திறந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், காலின் உட்புறத்தில் கணுக்காலிலிருந்து தொடைவரை ஓடும் நீண்ட சிரையை எடுத்துத் தருபவர் பல மருத்துவமனைகளில் இவரே. சிரையிலிருந்து பிரியும் ஒவ்வொரு கிளையையும் கட்டி அறுக்கவேண்டும். பின்பு உள்ளே திரவம் செலுத்தி, எங்கேனும் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். சிரையின் உள்ளே ரத்தத்தை ஒரே திசையில் விடும் வால்வுகள் இருப்பதால், அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் இதயத்தில் பொருத்தமுடியும். எந்த முனை எது என்பதை எடுத்தவர் குறித்துத் தரவேண்டும். கசிவைப் பார்க்கும் அவசரத்தில் திரவத்தை அழுத்திச் செலுத்தினால் சிரை வீங்கி அதன் மெல்லிய உட்பூச்சு சிதையும். அந்தச் சேதம் மேசையின்மேல் கண்ணுக்குத் தெரியாது. அறுவை வெற்றி என்று அறிவித்து நோயாளி வீடு திரும்பி, மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின் அந்தச் சிரை அடைபடலாம். அப்போது யாரும் திரவம் செலுத்திய அந்தச் சில நிமிடங்களை நினைத்துப் பார்க்கப்போவதில்லை. யாரும் பின்னால் தேடி வரமாட்டார்கள் என்று தெரிந்தும் கை பொறுமை காப்பதுதான் இந்த வேலையின் அறம். இங்கே நோய் தெரிந்தது, மருத்துவர் ஒரு முழம் தள்ளி நிற்கிறார், செய்யவேண்டியது வரையறுக்கப்பட்டது. அந்த வரையறைக்குள் ஒருவர் அடையக்கூடிய தேர்ச்சிக்கு எல்லை இல்லை.

பிரிட்டனில் இந்தக் கோடு கவனிக்கப்படாமல் போனதன் விலை அண்மையில் வெளிப்பட்டது. மருத்துவர் பற்றாக்குறையை நிரப்பப் பிசிஷியன் அசோசியேட் என்ற பெயரில் இரண்டாண்டுப் பயிற்சி பெற்றவர்கள் குடும்ப மருத்துவமனைகளில் அமர்த்தப்பட்டு, நோய் அறியப்படாத நோயாளிகளை முதலில் பார்க்கும் இடத்தில் வைக்கப்பட்டார்கள். தம்மைப் பார்த்தவர் மருத்துவர் அல்லர் என்பதைச் சில குடும்பங்கள் இழப்புக்குப் பின்னரே அறிந்தன. அரசு கேட்டுக்கொண்டதன்படி பேராசிரியர் ஜில்லியன் லெங் 2025 ஜூலையில் அளித்த அறிக்கை, தெளிவாக வரையறுத்த சூழல்கள் தவிர நோய் அறியப்படாத நோயாளிகளை இவர்கள் பார்க்கக்கூடாது என்றும், புதிதாகத் தேறியவர்கள் குறைந்தது இரண்டாண்டு மருத்துவமனையில் பணியாற்றியபின்பே குடும்ப மருத்துவத்துக்கு வரவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அமெரிக்காவிலும் இதே கவலைக்கு இடமுண்டு. பிசிஷியன் அசிஸ்டெண்ட் மாணவர் ஏறத்தாழ 2,000 மணி நேரம் நோயாளிகளிடையே பயிற்சி பெறுகிறார். நர்ஸ் பிராக்டிஷனருக்கு நெடுங்காலம் குறைந்தபட்சமாக 500 மணி நேரமே கேட்கப்பட்டது, அண்மையில்தான் அது 750ஆக உயர்ந்தது. பத்தாண்டு வார்டு அனுபவத்துக்குப்பின் வருபவருக்கு அந்த 500 மணி நேரம் போதியதாக இருந்திருக்கலாம்; செவிலியப் பட்டம் முடித்த கையோடு வருபவருக்கு அது போதாது. அந்த அனுபவத்தை நம்பியே வகுக்கப்பட்ட பாடத்திட்டம், அந்த அனுபவத்தைக் கட்டாயமாக்காமல் விட்டது பெருங்குறை.

இந்தியாவில் இத்தகைய பணியாளர்கள் புதியவர்கள் அல்லர். சென்னை மாகாணத்தின் மருத்துவப் பள்ளிகளில் படித்து வந்த எல்.எம்.பி. டாக்டர்களை ஊர்ப்புறங்கள் நெடுநாள் நினைவில் வைத்திருந்தன. எம்.பி.பி.எஸ். பட்டத்தைவிடக் குறுகிய படிப்பு அது; அதைப் படித்தவர்களே சிற்றூர்களின் மருத்துவத் தேவையைப் பெரிதும் சுமந்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரே தரத்து மருத்துவர் வேண்டும் என்று போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு 1946இல் அளித்த பரிந்துரையை ஒட்டி அந்தப் பள்ளிகள் மூடப்பட்டன அல்லது கல்லூரிகளாக உயர்த்தப்பட்டன. 1992இல் சென்னையின் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியனின் முயற்சியால் இந்தியாவின் முதல் பிசிஷியன் அசிஸ்டெண்ட் படிப்பு தொடங்கியது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் வழங்க வழிசெய்தபோது மருத்துவர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டத்தில் அரைகுறை வைத்தியம் என்ற சொல் திரும்பத் திரும்ப ஒலித்தது. யாருடைய மேற்பார்வையில், எத்தகைய நோயாளிக்கு, உதவி கேட்டால் எவ்வளவு நேரத்தில் வரும் என்ற கேள்விகள் ஏறத்தாழ ஒலிக்கவே இல்லை.

அந்தக் கேள்விகளை இன்று தமிழகத்தின் இரண்டு இடங்களில் வைத்துப் பார்க்கலாம். பெருநகரத் தனியார் மருத்துவமனையின் இதய அறுவை அரங்கில் பணிபுரியும் பிசிஷியன் அசிஸ்டெண்டுக்கு நோய் என்ன என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரியும், மூத்த மருத்துவர் எதிரிலேயே நிற்கிறார். ஏறத்தாழ ஐந்தாயிரம் பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்த துணை சுகாதார நிலையத்தில், இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்ற பெயரில் அமர்த்தப்பட்ட செவிலியரிடம் வருவது காய்ச்சல், மயக்கம், மூச்சுத்திணறல், மூன்று நாளாக வயிற்றுவலி என்று இன்னும் பெயர் வராத நோய்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார், பெரும்பாலும் தொலைபேசி வழியே மட்டும் கிடைக்கிறார். ஐயம் குறைந்த இடத்தில் துணை நெருங்கி நிற்க, ஐயம் மிகுந்த இடத்தில் அது எட்டத்தில் இருப்பதாக இந்த ஏற்பாடு அமைந்துவிட்டது. ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாதந்தோறும் மாத்திரை தருவதில் அந்தச் செவிலியர் எந்த மருத்துவருக்கும் குறையாத பயனைத் தரமுடியும் என்பதற்கு பர்லிங்டன் முதல் நியூயார்க் வரை சான்றுகள் உள்ளன. வயிற்றுவலியோடு வருபவரின் முன் அவர் தனித்து விடப்படாமல் இருக்க, எந்த அறிகுறிக்கு உடனே அனுப்பவேண்டும் என்று எழுதித் தந்த தெளிவான ஆணையும், அழைத்தால் எடுக்கும் ஒரு மருத்துவரும், அனுப்பியது வீண் என்று பின்னால் கடிந்துகொள்ளாத ஒரு மருத்துவமனையும், ஏற்றிச்செல்ல ஒரு வண்டியும் வேண்டும். கென்டக்கி மலைச் செவிலியர்களுக்கு இவற்றில் முதலாவதேனும் கிடைத்தது. நான்கையும் தருவதற்கு இன்று பணமோ தொழில்நுட்பமோ தடையாக இல்லை.